அமெரிக்க ஜட்ஜும் காதரிக்காவின் சாப்பாவும்

வக்கீல் ஆபீசுகளில் புதிதாகக் குமஸ்தா வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: டிராஃப்ட் எப்படி எழுதுவது, வக்காலத்தில் எங்கே ஸ்டாம்ப் ஒட்டுவது. அதை யாரும் ஒரு வாரத்தில் சொல்லித் தந்துவிடலாம். நான் இங்கே எழுதுவது, இந்த வேலையில் நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றியும், அந்த நாளில் எனக்குத் துணையாக இருந்த, நான் பார்த்தே இராத ஒரு மனிதரைப் பற்றியும்.

1. வெயிலில் காய்ந்த புத்தகம்

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை புத்தகம் காய வைப்பது. மழை விட்டு அன்றுதான் வெயில் அடித்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் மழைக்காலம் முடிந்தால் சட்டப் புத்தகங்களின் அட்டையில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். முற்றத்தில் பாய் விரித்து ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வைத்தேன். எங்கள் ஜோசப் வக்கீல் வராந்தாவில் நின்று சொன்னார்:

"எடோ அனிபா, லா ரிப்போர்ட் எல்லாம் வருஷ வரிசை தெற்றாம வைக்கணும், கேட்டோ. ஒண்ணு மாறினா கோர்ட்டுல நான் நாணம் கெடணும்."

அவர் பேசுவது மலையாளம். கோர்ட்டில் நடந்ததும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான். எனக்கு வருகிற மட்டாஞ்சேரித் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகங்களுக்கு நடுவே சட்டமல்லாத ஒன்று இருந்தது. போன நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு அமெரிக்கரின் வாழ்க்கை வரலாறு. முன்னாலிருந்த தாள்களைச் சிதல் என்கிற கறையான் தின்றுவிட்டதால் எழுதியவர் பெயரும் இல்லை, அந்த அமெரிக்கரின் படமும் இல்லை. அவர் முதலில் வக்கீல், பிறகு சட்டசபை மெம்பர், கடைசியில் ஜட்ஜ்.

"வேணும்னா கொண்டு போய்க்கோ. இங்கிலீஷ் தேறும். ஆபீஸ் நேரத்துல வாசிச்சா உதைப்பேன்" என்றார் வக்கீல்.

எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அத்தா மிளகு கொடவுனில் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இடது கைப் பெருவிரலை நீட்டுவார். அந்தப் புத்தகத்தில் சிதல் விட்டுவைத்த முதல் பக்கத்திலேயே, அந்த அமெரிக்கரின் தகப்பனார் நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டதாக இருந்தது. மகன் விறகு பிளந்து, படகில் மூட்டை ஏற்றி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு வக்கீலிடம் போய்ச் சேருகிறான். காலேஜ் கிடையாது. பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எழுதியே சட்டம் படிக்கிறான். நானும் காலை முதல் மாலை வரை நகல்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஆள் ஒருத்தர் இருந்திருக்கிறாரே என்று எனக்குப் பட்டது.

2. சாயாக்கடையில் சட்டசபை

அப்போது துறைமுகத்தில் சாப்பா இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க நூறு ஆள் வேண்டுமென்றால் முன்னூறு பேர் வந்து நிற்பார்கள். ஸ்டீவடோர் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் மூப்பன் பித்தளை வில்லைகளை அந்தக் கூட்டத்துக்கு நடுவே எறிவார். அதுதான் சாப்பா. விழுந்து, புரண்டு, கடித்து, கைமுட்டியால் இடித்து அதைப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. கேட்டில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பிடிக்காதவன் சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

நானும் மத்தியானம் அங்கேதான் சாயா குடிப்பேன். முந்தின இரவு படித்த பக்கத்தை ஒருநாள் சும்மா சொல்ல ஆரம்பித்தேன். மறுநாள் "பின்ன என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அதிலிருந்து தினமும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கதை. அமெரிக்கருடைய பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. இக்கா என்றால் அண்ணன்; ஜட்ஜிக்கா என்று வைத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் முன்னால் உட்காருபவர் காதரிக்கா. எங்களைப் போலவே தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம், எங்கள் லைனில் நாலாவது வீடு. நல்ல உடம்பு. நாக்கு அதைவிட நல்லது.

அந்த நாட்டில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஜட்ஜை வைப்பார்கள் என்று நான் சொன்ன அன்று கடையே சிரித்தது.

"ஜட்ஜுக்கு ஓட்டா? அப்ப வீடு வீடா வந்து கும்பிடுவானோ?" என்றார் காதரிக்கா.

"கும்பிடணும்ல" என்றேன்.

"நம்ம மாஜிஸ்ட்ரேட்டு அப்பிடி எங்க வீட்டுக்கு வந்தா, எம் பொண்டாட்டி பாத்திமா, போன வருஷம் அவரு எனக்கு அஞ்சு ரூபா ஃபைன் போட்டதைச் சொல்லிச் சொல்லியே விரட்டிருவா."

ஒருநாள் எனக்குச் சங்கடமான பக்கம் ஒன்று வந்தது. ஜட்ஜிக்கா இளம் வக்கீலாக இருந்தபோது, ஓடிப்போன ஒரு கறுப்பு அடிமையைத் திருப்பிப் பிடித்துத் தரச் சொல்லி ஒரு முதலாளி கேஸ் போடுகிறான். முதலாளி பக்கம் ஆஜரானது நம் ஜட்ஜிக்காதான். ஜெயித்தும் விட்டார். அந்த ஆளை விலங்கு போட்டுக் கொண்டு போனார்கள். இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகப் பார்த்தேன்.

"எடா, என்ன ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டுற?" என்றார் காதரிக்கா.

"ஒட்டிக்கிட்டு இருந்துச்சு இக்கா."

"எழுத்து அறியாதவனுக்குத் தாள் எண்ணவும் அறியாதுன்னு நினைச்சியா? சொல்லு. உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். பிறகு ஒருத்தர் எழுந்து, "இந்தப் பன்னியோட கதையையா இத்தனை நாள் கேட்டோம்?" என்று துப்பிவிட்டுப் போனார். இரண்டு நாள் யாரும் கதை கேட்கவில்லை. நான் சாயா குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காதரிக்காவே கேட்டார்:

"அவன் செஞ்சதைப் பின்னால நினைச்சானா, இல்ல மறந்துட்டானா?"

நினைத்திருக்கிறார். பல வருஷம் கழித்து அவர் சட்டசபை மெம்பர். அந்த மாகாணத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் சம்பந்தப்பட்ட கேசில் கறுப்பன் சாட்சி சொன்னால் செல்லாது. அடித்தவன் வெள்ளைக்காரன் என்றால், அடிபட்டவன் கோர்ட்டில் வாயைத் திறக்க முடியாது. அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டும் என்று இவர் எழுந்து பேசினார். "எதிராளியைப் பேசவே விடாத கோர்ட்டில் நான் ஒரு கேஸ் ஜெயித்திருக்கிறேன். அதை ஜெயித்த கேஸாக நான் சொல்லிக்கொள்வதில்லை" என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டு உட்கார வைத்தார்கள். அடுத்த எலக்ஷனில் தோற்றார். தெருவில் பழைய சிநேகிதர்கள் முகம் திருப்பினார்கள். அவர் திரும்பவும் வக்கீல் வேலைக்கே போய், எங்கே கூட்டம் கூடினாலும் அதையே பேசிக்கொண்டிருந்தார். சட்டம் மாறுவதற்குள் தலை நரைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜட்ஜ் ஆனார். அவர் கோர்ட்டுக்குச் சாட்சியாக ஒரு கறுப்புப் பெண் வந்தாள். துணி வெளுக்கிறவள். எல்லாரிடமும் கேட்பது போலவே அவளிடமும் பெயர், ஊர், தொழில் கேட்டுத் தன் கையால் எழுதினார்.

"தொழிலும் எழுதினானா?" என்றார் காதரிக்கா.

"வெளுப்பு வேலைன்னே எழுதினார்."

"கடவுளே" என்று சொல்லி, ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

3. புளியும் சாம்பலும்

இது நடந்து கொஞ்ச நாளில் காதரிக்காவைப் போலீஸ் பிடித்தது. துறைமுகத்து வார்ஃபுக்குள் அத்துமீறி நுழைந்தார், தடுத்த காவலாளியை அடித்தார் என்று கேஸ்.

காதரிக்கா சொன்னது வேறு. அன்று காலை அவர் சாப்பா பிடித்தார். பிடிக்கும்போது யாருடைய முழங்கையோ பட்டுப் புருவம் கிழிந்து ரத்தம். சாப்பாவைக் காட்டியும் காவலாளி உள்ளே விடவில்லை. யூனியனில் சேர்ந்தவரை விட வேண்டாம் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்களாம். பிடித்துத் தள்ளினான், இவரும் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். சாப்பா இருந்தது என்றால் அவர் வேலைக்கு உள்ளே போனவர். இல்லையென்றால் அத்துமீறியவர். அத்துமீறினதாகத் தீர்ப்பானால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவனுக்கு வார்ஃபில் அதற்கப்புறம் இடம் கிடையாது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

போலீஸ் வருவதற்குள் அவர் சாப்பாவை மனைவி கையில் சேர்ப்பித்திருந்தார். பாத்திமாத்தா அதை முந்தானையில் முடிந்து, கேஸை எடுத்திருந்த எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

"அனிபா, இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரமா வை."

வக்கீல் அன்று வேறு கோர்ட்டில். நான் ரசீது எழுதினேன்: "பித்தளை சாப்பா, ஒன்று." அவ்வளவுதான் எழுதினேன். வில்லையில் தார் அப்பி, ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பின்புறம் ஏதோ சிவப்பாகவும் இருந்தது. நான் எல்லாவற்றையும் சேர்த்து அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அந்தச் சாப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கோர்ட்டில் நம்ம ஆட்கள் எப்போதும் அழுக்கு முண்டும் வெற்றுக் காலுமாக வந்து நிற்பார்கள். பென்ச் கிளார்க் மூக்கைச் சுருக்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த ரத்தமும் தாருமான வில்லையை மாஜிஸ்ட்ரேட் மேஜையில் வைத்தால் என்ன நினைப்பார்? எனக்கு வெட்கமாக இருந்தது. அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "பெருநாளாடா இன்னைக்கு? அப்பிடியே எங் குண்டானையும் தேய்ச்சுரு" என்றார். சாப்பா தங்கம் போல மின்னியது. எனக்கு ரொம்பத் திருப்தி.

4. கூண்டு

முதலில் போலீஸ் தரப்பு சாட்சிகள். மூப்பன் ஏறினார். எங்கள் வக்கீல் என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு மூப்பனிடம் காட்டினார்.

"இது உங்க கம்பெனி சாப்பாதானே?"

மூப்பன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்களோடதுதான். ஆனா அன்னைக்கு எறிஞ்சது இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"கள்ளச் சாப்பா வராம இருக்க, இந்த மாசம் முதல் அன்னன்னைக்குக் காலையில ஒரு சாயம் பின்னால தொட்டு வைக்கிறேன். எதுன்னு எறியறது வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். இதுல சாயமே இல்லையே."

அத்தா கொடவுன் ஆள்; இந்தப் புது வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ப்ராசிக்யூட்டர் எழுந்து சாப்பாவைத் தூக்கிக் காட்டினார். "இது சாப்பாவா, சீர் வரிசைப் பாத்திரமா? எங்கேயோ கிடைச்ச பழைய சாப்பாவைத் தேய்ச்சு மெருகேத்திக் கொண்டு வந்திருக்காங்க." கோர்ட்டில் சிரித்தார்கள். காதரிக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியான இடைவேளையில் வக்கீல் என்னை மாமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"உன் கையில வந்தப்ப சாயம் இருந்துச்சா?"

"சிவப்பா இருந்துச்சு சார். நான்தான் தேய்ச்சேன்."

"எதுக்குடா?"

"சுத்தமா இருக்கட்டும்னு."

அவர் மெதுவாகச் சொன்னார்: "கேளு. நாம பேசாம இருந்தா இது உதவாத எவிடன்ஸ், அவ்வளவுதான். நீ கூண்டுல ஏறிச் சொன்னா, எவிடன்ஸை அழிச்சவன்னு உன் மேலயே கேஸ் வரலாம். குமஸ்தா வேலை போகும். என் ஆபீஸ் பேரும் போகும். ஏறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஏறாதேன்னும் சொல்ல மாட்டேன்."

வராந்தாவில் பாத்திமாத்தா கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். சாயாக்கடையில் மாசக் கணக்காக நான் எதைப் படித்துச் சொன்னேன்? வாயைத் திறக்க விடாத ஆட்களுக்காக ஒரு மனிதர் தோற்று, முகம் திருப்பப்பட்டு, தலை நரைத்த கதை. என் வாயை யாரும் கட்டவில்லை. சட்டம் திறந்துதான் வைத்திருக்கிறது. நானே மூடிக்கொண்டால் அந்தப் புத்தகத்தை இனி அவர்கள் முன்னால் எந்த முகத்தோடு விரிப்பது?

"ஏறுறேன் சார்" என்றேன்.

எங்கள் தரப்பு முறை வந்தபோது ஏறினேன். பெயர் கேட்டார்கள். தகப்பனார் பெயர் கேட்டார்கள். ப்ராசிக்யூட்டர், "தகப்பனாருக்கு என்ன தொழில்?" என்றார். பள்ளிக்கூடத்திலும், வேலைக்கு எழுதின விண்ணப்பத்திலும் நான் வியாபாரம் என்றுதான் எழுதியிருந்தேன்.

"சுமட்டு" என்றேன்.

"அப்ப சுமட்டுக்காரங்களுக்காக நீ பொய் சொல்லுவே."

"தேய்ச்சது தப்பு சார். பொய் இல்லை."

"சிவப்புச் சாயம் இருந்துச்சுங்கறே. யார் சொல்லித் தந்தது?"

"யாரும் தரலை. தேய்ச்சப்ப முதல்ல தண்ணி கறுப்பா ஓடுச்சு. அது தாரும் ரத்தமும். அது போன பிறகும் பின்பக்கம் தேய்ச்சா சிவப்பா வந்துச்சு. ரத்தம் இன்னும் போகலையேன்னு திரும்பத் திரும்பத் தேய்ச்சேன்."

"ரத்தம் இருந்தா உனக்கென்ன? ஏன் கழுவினே?"

"வெட்கமா இருந்துச்சு சார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு மூப்பனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். சாட்சி சொல்லி முடித்த அவர் வெளியே கேட்டுப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

"சம்பவத்தன்னைக்கு என்ன சாயம் தொட்டீர்?"

தன் முறைமேல் அவருக்குப் பெருமை. யோசிக்கவே இல்லை. "சிவப்பு எஜமான். அதுக்கு முந்தின நாள் பச்சை."

ப்ராசிக்யூட்டர் விடவில்லை. அன்று சாப்பாவைப் பார்த்த முன்னூறு பேரில் யாரும் எனக்கு நிறத்தைச் சொல்லியிருக்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான். மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பை ஒரு வாரம் தள்ளி வைத்தார். அந்த வாரம் நான் சாயாக்கடைப் பக்கம் போகவில்லை.

5. கறை

தீர்ப்பு நாளில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் காதரிக்காவை விட்டார்கள். அதே தீர்ப்பில் என்னைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது: குமஸ்தா எவிடன்ஸைக் கையாண்ட விதம் பொறுப்பற்றது, ஆனாலும் அதை ஒளிக்காமல் சொன்னதால் மேல் நடவடிக்கை இல்லை. அந்த இரண்டு வரியையும் நகல் எடுத்தது நான்தான். அதுவும் என் வேலை.

ஜோசப் வக்கீல் என்னை விலக்கவில்லை. பீரோச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஒரு வருஷம் நகல் எழுது. பொருளைத் தொடாதே" என்றார். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வக்காலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தீர்ப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் பாத்திமாத்தா என் தலையைத் தடவினார். காதரிக்கா நன்றி சொல்வார் என்று நானும் நின்றேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். புருவத்துக்கு மேலே தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"எடா அனிபா. முன்னூறு பேர் நடுவுல எம் மூஞ்சியக் கிழிச்சுக்கிட்டு எடுத்தது அது. என் ரத்தத்தைக் கழுவ உனக்கு யாருடா சொன்னது?"

காலரை விட்டார். படியிறங்கி, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து அவர்தான் ஆள் அனுப்பிப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். மிச்சக் கதையைச் சொல்லி முடித்தேன். ஜட்ஜிக்கா அடுத்த தடவை ஓட்டில் தோற்றுவிட்டார். கடைசிக் காலத்தில் ஆற்றங்கரை ஊரில் சின்ன ஆபீஸ் வைத்து, கறுப்பர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்து இறந்தார். அவர் பெரிய மனிதர் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த அடிமையின் கேஸையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன். அந்தக் கேஸை விட்டுவிட்டுப் புத்தகத்தை எழுதியிருந்தால், சட்டசபையில் அவர் எதற்காக எழுந்தார் என்று எனக்குப் புரிந்தே இருக்காது.

தம்பிமார்களே, கட்சிக்காரர் ஒரு பொருளைக் கொண்டு வந்து உங்கள் கையில் வைக்கும்போது அதை அழகு பார்க்காதீர்கள். துடைக்காதீர்கள், மடிக்காதீர்கள், கிழிசலை ஒட்டாதீர்கள். அது கோர்ட்டுக்குப் போக லாயக்கா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பீரோச் சாவி என்னிடம் திரும்பி வந்து இப்போது பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு பொருள் வந்தால், ரசீதில் நான் முதலில் கறையை எழுதுகிறேன். அது எங்கே இருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று எழுதி, பொருளைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் பொருளின் பெயரை எழுதுகிறேன்.